மெத்தைக் கடையில் இருபது நிமிடம்

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது மெத்தை வந்தது. மெத்தை வந்தது என்கிறேனே தவிர, அது மெத்தை மாதிரி வரவில்லை. இடுப்பு உயரத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி. கொண்டுவந்தவர் தோளில் சுமந்து மாடியேறி, செல்போனில் வந்திருந்த நம்பரைக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். என் மகள் பெட்டியைப் பிரித்து, உள்ளே இறுக்கிச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கத்தரியால் நறுக்கினாள். உஸ்ஸென்று ஒரு சத்தம். சுருண்டு கிடந்தது மெல்ல விரிந்து, புடைத்து, எங்கள் கண் முன்னாலேயே மெத்தை ஆகிவிட்டது. தருமபுரியில் இருந்துகொண்டு, கடைப் படியே மிதிக்காமல், செல்போனில் தடவித் தடவி அவளே பார்த்து வாங்கியது.

"நூறு நாள் படுத்துப் பாக்கலாம்மா. புடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்குவாங்க" என்றாள்.

"நூறு நாள் படுத்ததுக்கு அப்புறம் எது புடிக்காம போவும்?" என்றார் என் கணவர். கல்யாணத்தைச் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எல்லோரும் சிரித்தோம். அதாவது, அவர்கள் சிரித்தார்கள். எனக்கு அதற்குள் அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. ரப்பரும் பசையும் புதுத்துணியும் கலந்த வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். போகிற மாதிரி இல்லை.

அந்த வாசனையில் உட்கார்ந்து ஏழெட்டு மாதம் மதியச் சோறு தின்றவள் நான். உங்களிடம் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். பி.காம். முடித்த கையோடு, தருமபுரிக்கும் அதியமான்கோட்டைக்கும் நடுவில், சேலத்திலிருந்து பெங்களூரு போகிற ரோட்டோரம் இருந்த ஒரு கடையில் வேலை பார்த்தேன். கீழே பீரோ, கட்டில். மேலே, தகரக் கூரைக்கு அடியில், மெத்தைகள். மேல்மாடி என் ராஜ்யம். வெயில் ஏற ஏற மெத்தைகள் வாசனையைக் கக்கும். தயிர்சாதத்தில் ரப்பர் வாசம் அடிக்கும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா, "உம்மேல புதுச் செருப்பு நாத்தம் அடிக்குதுடி" என்பாள்.

ஆனாலும் அந்த வேலையை நான் உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். காரணம் சம்பளம் இல்லை. வேலைக்குப் போகிறவரைக்கும் வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு எடுக்க மாட்டோம் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வேலை போனால் மறுநாளே ஜாதகக் கட்டு வெளியே வந்துவிடும்.

சேர்ந்த புதிதில், மெத்தைக் கம்பெனிக்காரர்கள் சேலத்தில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். டை கட்டிய ஒருவர் பேசினார். "மெத்தையக் கையால அமுக்க வுடாதீங்க. படுக்க வைங்க. பத்து நிமிசம் படுத்தவங்க வாங்காம எந்திரிக்க மாட்டாங்க" என்றார். நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். நம்ம ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால் ஒரு ஜீவன் படுக்கவில்லை. ஆண்கள் முஷ்டியால் ஒரு குத்துக் குத்துவார்கள். பெண்கள் உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்புவார்கள். வத்தல்மலையிலிருந்து வந்த ஒருவர் மெத்தையைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை, "ஜீப்பு மேல கட்டினா வளைவுல வுழுந்துடுமா?" என்பதைத்தான் மூன்று தடவை கேட்டார். "படுத்துப் பாருங்க" என்று சொன்னால் போதும், நான் ஏதோ கூடாததைச் சொல்லிவிட்ட மாதிரி அவர்கள் முகம் சிவந்துவிடும். ஒரே ஒரு லாரி டிரைவர், தொப்பூரில் வண்டி நின்றுபோய் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தவராம், பஸ் பிடித்து வந்தவர், செருப்போடு ஏறிப் படுத்தார். நான் அடித்துப் பிடித்து எழுப்பினேன்.

எழுப்பாமல் இருக்க முடியாது. முதலாளி சுகுமார் அண்ணன் சேலத்துப் பயிற்சிக்கு நேர் எதிர். "தலை எண்ணெ பட்டா அந்த மெத்தைய யாரு வாங்குவா? நீ வாங்குவியா?" என்பார். கெட்டவர் இல்லை, நஷ்டத்துக்குப் பயந்தவர். எனக்கு முன்னால் மாடியில் நின்ற பெண்ணை ஒரு டீக் கறைக்காக வீட்டுக்கு அனுப்பியவர். கம்பெனிக்காரர் படுக்க வை என்கிறார், முதலாளி படுக்க விடாதே என்கிறார். நடுவில் நான்.

இப்படி இருக்கும்போதுதான் வெண்ணிலா வந்தாள்.

ஆவணி மாதம். கல்யாணச் சீருக்குக் கட்டில் மெத்தை எடுக்க வருகிற கூட்டம். பத்தரை மணி இருக்கும். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பாலக்கோடு பக்கம் ஏதோ கிராமத்திலிருந்து தக்காளி விவசாயி ஒருவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வந்தார். கூட அவர் மகள். என்னைவிட ரெண்டு வயது கூடுதலாக இருப்பாள். மாப்பிள்ளையின் அம்மா தருமபுரி டவுனிலிருந்து பதினொன்றரைக்கு வருவதாகப் பேச்சு. அதற்குள் பார்த்து வைத்துவிடலாம் என்று இவர்கள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். அப்பா கீழே முதலாளியோடு பீரோ பார்க்க நின்றுவிட, பெண் மட்டும் மேலே வந்தாள்.

கண்கள் இடுங்கியிருந்தன. கழுத்தில் ஓர் அடையாள அட்டை, கழற்ற மறந்து தொங்கிக்கொண்டிருந்தது. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"நைட் டூட்டி முடிச்சு அப்படியே வந்துட்டேங்க. நேத்து பகலும் பாத்தேன். மாத்தறதுக்கு ஆளு வரல" என்றாள். மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னாள்.

அதன்பிறகு நான் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். அவளும் அதற்குச் சட்டென்று திரும்பினாள்.

அந்த மாடியில் மெத்தையைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், என்னையும் சேர்த்து. தடிமனான பஞ்சணை மெத்தைகளைக் கண்டுகொள்ளவே இல்லை. தென்னைநார் வைத்துத் தைத்த கெட்டி மெத்தை ஒன்றின் ஓரத்தில் கையை ஊன்றி, எடுத்து, குழி எவ்வளவு நேரத்தில் நிமிர்கிறது என்று பார்த்தாள்.

"இதுதாங்க நல்லது. மெத்துனு இருக்கறதுல படுத்தா முதுகு வளைஞ்சுக்கும். பெரிய பெரிய ஆளுங்கள எல்லாம் புரட்டிப் போட்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

"வூட்டுல என்ன மெத்தைங்க சிஸ்டர்?"

சிரித்துவிட்டாள். "வூட்டுல பாய்தான். ஊருல இருக்கறவங்கள எல்லாம் மெத்தையில படுக்க வெக்கறேன். நான் படுத்தது இல்ல."

என் நோட்டுப் புத்தகத்தில் அடிக்கோடிட்ட வரி எழுந்து உட்கார்ந்தது. "அப்ப படுத்துப் பாருங்க" என்றேன்.

"அய்யோ, வேணாங்க."

"ரெண்டு நிமிசம். இங்க யாரும் வர மாட்டாங்க. நான் இருக்கேன்ல."

நான் இருக்கேன்ல என்று நான் சொன்னதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். அவள் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். செருப்பைக் கழற்றி இரண்டையும் சேர்த்துச் சுவரோரம் வைத்தாள். புடவையைக் கணுக்காலோடு இழுத்துவிட்டுக்கொண்டு, நோயாளிகள் படுப்பது போல, முதலில் உட்கார்ந்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு மல்லாந்தாள். நான் ஒரு தலையணையை எடுத்துத் தலைக்குக் கொடுத்தேன்.

"ஆங்..." என்றாள். அவ்வளவுதான். தகரத்தில் தூறல் விழும் சத்தம். நான் விலை அட்டையை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் தூங்கிவிட்டாள்.

எழுப்பியிருக்கலாம். எழுப்ப மனசு வரவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி பெருமை. நான் படுக்கச் சொல்லிப் படுத்த முதல் வாடிக்கையாளர். சேலத்துக்காரர் சொன்னது பலித்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ நானே பெற்று வளர்த்த தூக்கம் மாதிரி, அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. அடையாள அட்டை கழுத்துக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தது. மூச்சு விட விட அது ஏறி இறங்கியது.

இருபது நிமிடம் இருக்கும். கீழே பேச்சுக் குரல் கேட்டது. சம்பந்தியம்மா சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பீரோவில் அவருக்கு நாட்டம் இல்லை போலிருக்கிறது, நேராகப் படியேறிவிட்டார். நான் ஓடிப்போய் வெண்ணிலாவின் தோளைத் தொடுவதற்குள் தலை தெரிந்துவிட்டது. ஐம்பது வயது இருக்கும். நல்ல பட்டுக்கரைச் சேலை. கத்துகிற ஆள் இல்லை. மெத்தைப் பக்கத்தில் வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பொண்ணுதானே இது?"

"ஆமாங்க."

அதற்குள் அவள் அப்பாவும் முதலாளியும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அப்பா பதறிப்போய், "வெண்ணிலா! ஏ வெண்ணிலா!" என்றார்.

அவள் படக்கென்று எழுந்து உட்கார்ந்து, கண்ணைக்கூடத் திறக்காமல், "எந்த பெட்டுங்க?" என்றாள்.

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. முதலாளியின் சிரிப்பும் சட்டென்று நின்றுவிட்டது, ஏனென்றால் அதற்குள் அவர் தலையணையைப் பார்த்துவிட்டார்.

"யாரு இதுல படுக்க வுட்டது?" என்று என்னைக் கேட்டார்.

நான் சொன்னேன்: "எனக்குத் தெரியாதுங்ண்ணா. நான் கீழ போயிருந்தேன்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயைத் திறந்தேன், வந்து விழுந்தது. எங்கள் வீட்டு ஜாதகக் கட்டு கண்ணில் தெரிந்தது. டீக் கறைக்காரி தெரிந்தாள். நான் கீழே போகவில்லை என்பது கீழேயே நின்றுகொண்டிருந்த முதலாளிக்குத் தெரியாதா என்றுகூடத் தோன்றவில்லை. நல்லவேளையோ கெட்டவேளையோ, வந்தவர்கள் முன்னால் அவர் அதைத் தோண்டவில்லை.

வெண்ணிலா என்னைப் பார்த்தாள். நான் விலை அட்டையைப் பார்த்தேன்.

"நானாத்தாங்க படுத்தேன்" என்றாள் அவள். "தூக்கம் வந்துடுச்சு."

"யாரும் சொல்லாமயா ஏறிப் படுத்துக்கிட்டே?" என்றார் சம்பந்தியம்மா. அவர் அவள் அப்பாவிடம் திரும்பினார். "ஏங்க, பொண்ணுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே? வந்த எடத்துல, பட்டப்பகல்ல, இப்படி அசந்து தூங்குதே?"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. நைட் டூட்டிங்க. நேத்து பகலும் சேத்துப் பாத்துச்சு."

"அப்ப கல்யாணத்துக்குப் பொறவும் இப்படித்தானா? ராத்திரி ஆஸ்பத்திரி, பகல்ல தூக்கம். எம்பையன் வேலை முடிஞ்சு வந்தா கதவத் தொறக்க ஆள் வேணாமா?"

கல்யாணத்துக்குப் பிறகு, மாப்பிள்ளை வேலை பார்க்கும் பெங்களூரில் அவளும் வேலைக்குப் போகலாம் என்று நிச்சயத்தின்போது ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா அதை மெதுவாக ஞாபகப்படுத்தினார். "ஒத்துக்கிட்டம். இல்லேங்கல. அப்ப இதப் பாக்கலையே" என்றார் சம்பந்தியம்மா, மெத்தையைக் காட்டி.

யாரும் சொல்லாமல் தானாக ஏறிப் படுத்தவள் என்பதுதான் அவரை உறுத்தியது. நான்தான் படுக்கச் சொன்னேன், கடையில் அப்படித்தான் சொல்வோம், தூங்க விட்டதும் நான்தான் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அந்த இடத்திலேயே சப்பென்று போயிருக்கும். எனக்கு நேரம் இருந்தது. தூறல் நின்றது, முதலாளி காபி சொல்லி அனுப்பினார், காபி வந்தது. அவ்வளவு நேரம் இருந்தது.

கடைசியில் அவள் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து, "வேலைய வுட்டுடும்ங்க. நான் சொல்றன்ல" என்றார்.

வெண்ணிலா, "அப்பா" என்று மட்டும் சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, நாடாவைச் சுருட்டி, கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அப்புறம் மெத்தை பார்த்தார்கள். சம்பந்தியம்மாவுக்குப் பிடித்தது ரோஜாப்பூ போட்ட தடித்த மெத்தை. உட்கார்ந்தால் பாதி ஆள் உள்ளே போய்விடும். "புள்ளைங்க நல்லாப் படுக்கட்டும்" என்றார், நிஜமான பிரியத்தோடு. தென்னைநார் மெத்தையைப் பற்றி வெண்ணிலா வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பில் போட்டது நான்தான். கட்டில் மெத்தை ஒன்று, தலையணை இரண்டு என்று எழுதும்போது கை நடுங்கியதாக எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. கையெழுத்து நன்றாகவே இருந்தது.

எல்லோரும் இறங்கும்போது அவள் கடைசியாக நின்றாள். என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி, "தலகாணியில எச்சில் பட்டிருக்கும்ங்க. ஈரத் துணியில தொடச்சிடுங்க. கறையாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் துடைக்கப் போனேன். ஒன்றும் பட்டிருக்கவில்லை.

எட்டு ஒன்பது வருஷம் கழித்து என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. எனக்குக் கல்யாணமாகி, மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். எதிர்க் கட்டிலில் பக்கவாதம் வந்த ஓர் அம்மா. பக்கத்தில் மருமகள். அந்த மருமகள் சொல்லி வைத்தாற்போல இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, நோயாளியின் முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்து, பூப்போலப் புரட்டுவாள். வார்டில் மற்ற நாங்களெல்லாம் மூன்று பேர் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்த வேலை. அந்தக் கையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

"சிஸ்டர்" என்றேன். வாய் தவறித்தான் வந்தது. வார்டு நர்ஸ் திரும்பி, "என்னம்மா?" என்றாள். வெண்ணிலாவும் திரும்பினாள். திரும்பிய பிறகுதான் அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஞாபகம் வந்து, சாதாரணமாகப் பேசினாள். பெங்களூரில் ஆறு வருஷம் இருந்தார்களாம். மாமனார் தவறியதும் தருமபுரிக்கே வந்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகள்.

"இப்ப எங்க வேலைங்க?" என்றேன்.

"வூட்டுலதான். நடுவுல ஒருக்கா போலாம்னு பாத்தேன். நர்ஸ் பதிவு புதுப்பிக்காம வுட்டுட்டேன். கூடப் படிச்சவ ஒருத்தி இங்கயே மேல் மாடியில இருக்கா. பாக்கப் போவல." விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே சொன்னாள். "அந்தப் பூப்போட்ட மெத்தை ரெண்டே வருசத்துல நடுவுல குழி வுழுந்துடுச்சுங்க. அவருக்கு முதுகு வலி. தரையிலதான் படுக்கறாரு."

அதைச் சொல்லும்போது சிரித்தாள். கட்டிலில் அவள் மாமியார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு போய்விட்டிருந்தது. கேட்கிறதா என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு வெந்நீர் வாங்கப் போகிற சாக்கில் அவளோடு நடந்தேன். குழாயடியில் நின்று, "அன்னிக்கு நான்தான்னு சொல்லியிருக்கணும்" என்றேன். எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்திருந்த வசனம், இவ்வளவுதான் வந்தது.

அவள் பிளாஸ்க்கில் நீர் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும்ங்க" என்றாள். "உங்க மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுது. ரெண்டு பேரு வேலையும் எதுக்குப் போவணும்?"

மூடியைத் திருகி என் கையில் கொடுத்தாள்.

"நாலு நாளாவே தூக்கம் இல்ல எனக்கு அப்ப. கல்யாண வேலை, டூட்டி. அந்த இருவது நிமிசம் எப்படித் தூங்கினேங்கறீங்க!" என்றாள். "அதுக்கு அப்புறம் அப்படி ஒரு தூக்கம் வரல."

அந்த வேலையை நான் அடுத்த தை மாதமே விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை. மாடி வெக்கை தாங்கவில்லை என்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்ட ஒரு செல்போன் கடையில் சேர்ந்துவிட்டேன். முதலாளிக்கு ஒரு வாரம் முன்னால்கூடச் சொல்லவில்லை. அவள் எனக்காகத் தன் வாயை மூடிக் காப்பாற்றிக் கொடுத்த வேலையை, ஐந்து மாதம்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை. இது அன்றைக்கு வாய்வரைக்கும் வந்தது. குடிதண்ணீர் வரிசையில் பின்னால் நின்ற அம்மா, "கொஞ்சம் நவுருங்க" என்றார். நகர்ந்தோம். வார்டுக்குள் போய்விட்டோம்.

மறுநாள் காலையில் நான் போனபோது அந்தக் கட்டில் காலியாக இருந்தது. வீட்டுக்கே கூட்டிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்களாம். எந்தத் தெரு என்று கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன். கேட்க நினைத்தால் அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

அந்த மாமியார் அந்த வருஷமே தவறிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வெண்ணிலாவின் அப்பா, அந்தத் தக்காளிக்காரர், அதற்கும் முன்னாலேயே போய்விட்டாராம். சுகுமார் அண்ணன் கடையை விற்றுவிட்டுக் கிருஷ்ணகிரி பக்கம் போனவர், அங்கே இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாது. போன மாதம் சேலம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். கடை இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ரோடு அகலமாகி, பக்கச் சாலை வந்து, வரிசையாக ஓட்டல்களும் ஷோரூம்களும். இங்கேதான் இருக்கும், இல்லை, இன்னும் கொஞ்சம் தள்ளி என்று நான் கணக்குப் பார்ப்பதற்குள் பஸ் அதியமான்கோட்டையைத் தாண்டிவிட்டது.

"நான்தாங்க படுக்கச் சொன்னேன். அவங்க வேணாம்னாங்க. நான்தான் வற்புறுத்துனேன்." இப்போது திக்காமல் சொல்ல வருகிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்க வேண்டிய அந்த மூன்று பேரில் ஒருவரும் எட்டுகிற இடத்தில் இல்லை.